மாரிகாலத் தோட்டத்தில் நத்தையும் புழுவும்

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி மழை தொடங்கியதும், மதிலோரக் கற்குவியல்களில் பதுங்கியிருக்கும் ஆபிரிக்க நத்தைகள் இரவில் பாத்திகளுக்குள் ஊர்ந்து வந்து இளங்கன்றுகளைத் தின்றுவிடும். மாலையில் நனைத்த சாக்கொன்றைப் பாத்தியோரம் விரித்து, அதன் கீழே பப்பாசி இலைகளையோ கோவா இலைகளையோ வைத்தால், விடியும்போது நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசல் நிறைந்த வாளியில் இடவேண்டும். உப்பை மண்ணிலேயே தூவுவோரும் உளர். பல இடங்களில் கிணற்று நீரே உவர்க்கும் இந்நிலத்துக்கு அது நத்தையைவிடக் கேடானது. நத்தையைத் தடுக்கக் கன்றைச் சுற்றி இடும் அடுப்புச் சாம்பல் நனைந்தால் பயன்தராது. இலையுண்ணும் புழுக்களுக்கு, இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்கலாம்.