சிறிய நாய்களில் மூச்சுக்குழாய் சரிவு: கண்டறிவதும் கையாள்வதும்

யார்க்ஷயர் டெரியர், பொமரேனியன், சிவாவா, டாய் பூடில், மால்டீஸ் போன்ற சிற்றின நாய்கள் நடுவயதில் வறட்டுத்தனமாக, வாத்து கத்துவதுபோல் இருமத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூச்சுக்குழாய் சரிவு. கயிற்றை இழுக்கும்போதும், தண்ணீர் குடித்ததும், ஆள் வந்த உற்சாகத்தில் குதிக்கும்போதும் இருமல் கிளம்பும். கடைசியில் குமட்டி வெண்ணுரையைக் கக்கும். இதை வாந்தி என்றோ, தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்றோ நினைத்து மாதக்கணக்கில் வயிற்றுக்கு மருந்து கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பவை பிறை வடிவக் குருத்தெலும்பு வளையங்கள். அவற்றின் திறந்த பக்கத்தை, அதாவது முதுகை நோக்கிய பக்கத்தை, மெல்லிய தசைச் சவ்வு மூடியிருக்கிறது. குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் பொருட்கள் குறைந்தால் வளையம் துவண்டு தட்டையாகும். சவ்வு தொங்கி உள்ளே விழும். கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போது ஒடுங்கும், மார்புக்குள் உள்ள பகுதி மூச்சை விடும்போது ஒடுங்கும். ஒடுங்கிய சுவர்கள் உரசி வீங்குகின்றன, வீக்கம் மறுபடி இருமலைத் தூண்டுகிறது. சிகிச்சை முழுவதும் இந்தச் சுழற்சியை உடைப்பதற்காகத்தான். துவண்ட குருத்தெலும்பைத் திரும்ப உறுதியாக்கும் நம்பகமான மருந்து எதுவும் இல்லை.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். இருமலைக் கைபேசியில் ஒலியோடு படம்பிடியுங்கள். பரிசோதனை மேசையில் நாய் இருமாமலே இருந்துவிடும். அடுத்து, ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று சில நாட்கள் எண்ணிக் குறியுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் வாய்ப்பு குறைவு. தொடர்ந்து அதற்கு மேல் போனால் இதயத்தையும் நுரையீரலையும் உடனே பார்க்க வேண்டும். தொண்டையை அழுத்தி இருமல் வருகிறதா என்று வீட்டில் சோதிக்காதீர்கள். எரிச்சலடைந்த எந்த மூச்சுக்குழாயும் தொட்டால் இருமும். அதனால் எதுவும் நிரூபணமாகாது.

குழப்பம் அதிகம் வருவது இதயத்தோடு. இதே இனங்களுக்கு, இதே வயதில், மைட்ரல் வால்வுக் கசிவும் (இதயத்தின் இடப்பக்க வால்வு சரியாக மூடாத நோய்) வருகிறது. இதயத்தில் முணுமுணுப்பு கேட்டது, நாய் இருமுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்து இதயச் செயலிழப்பு என்று முடிவுகட்டி சிறுநீரை அதிகரித்து உடல் நீரை வெளியேற்றும் ஃபுரோசிமைட் தொடங்கினால், சளி வறண்டு கெட்டியாகி இருமல் இன்னும் மோசமாகும். மார்பு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் எக்கோவும் (இதயத்தின் ஒலியலைப் பரிசோதனை) பார்த்த பிறகே அந்த மருந்து. நாள்பட்ட மூச்சுக்கிளை அழற்சி, இதயப்புழு, நுரையீரல் புழு, தொற்று இருமல், குரல்வளை வாதம் ஆகியவற்றையும் விலக்க வேண்டும்.

எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள்: மூச்சை முழுதாக இழுத்த நிலையில் ஒன்று, விட்ட நிலையில் ஒன்று. குரல்வளை முதல் உதரவிதானம் வரை படத்தில் வர வேண்டும், கழுத்து இயல்பான நிலையில் இருக்க வேண்டும். ஒரே படம் எடுத்து “சரியாக இருக்கிறது” என்று அனுப்பிவிடுவதுதான் நோய் தவறிப்போகும் வழக்கமான வழி. ஒடுங்காத கணத்தில் எடுத்த படத்தில் நோய் தெரியாது. உணவுக்குழாயின் நிழல் மேலே விழுந்து, இல்லாத ஒடுக்கத்தைக் காட்டுவதும் உண்டு. இருமும்போதே ஃப்ளூரோஸ்கோபியில் (ஓடும் எக்ஸ்ரே படத்தில்) பார்த்தால் உண்மை தெரியும். பிராங்கோஸ்கோபியில் (மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதில்) விட்டத்தின் குறைவை 25, 50, 75, ஏறக்குறைய 100 சதவீதம் என நான்கு நிலைகளாகக் கணிப்பார்கள். குழாயின் எந்த இடம் எவ்வளவு ஒடுங்குகிறது, கீழே உள்ள கிளைகளும் ஒடுங்குகின்றனவா என்று தெரியும், கழுவிய நீரைக் கல்ச்சருக்கும் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும்) அனுப்பலாம். ஆனால் மயக்கம் தெளியும் நேரம் இந்த நாய்களுக்கு ஆபத்தானது. எனவே முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் இதைச் செய்வது நல்லது.

சிகிச்சை எடையில் தொடங்குகிறது. பருமனான நாய் மெலிந்தாலே, வேறெதுவும் மாற்றாமல் இருமல் கண்கூடாகக் குறையும். வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறைய வேண்டும். 4 கிலோ நாய்க்கு அது 40–80 கிராம். தீவனத்தைக் கோப்பையால் அளக்காமல் தராசில் கிராமாக நிறுங்கள். சிறிய நாய்க்கு ஒரு கைப்பிடி வித்தியாசமே பெரிது. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் மாட்டுங்கள். அதன் முன்பட்டை நெஞ்செலும்பின் மேல் படிய வேண்டும். தொண்டைக்கு ஏறும் ஹார்னஸ் கழுத்துப்பட்டைக்குச் சமம். வீட்டில் புகை, வாசனைத் தெளிப்பான் கூடாது. வெயில் தணிந்த நேரத்தில் மட்டும் நடை.

அடுத்தது இருமலை அடக்கும் மருந்து. ஹைட்ரோகோடோன் கிலோ எடைக்கு சுமார் 0.22 மில்லிகிராம், அல்லது வாய்வழி பியூடார்பனால் 0.5–1 மில்லிகிராம், 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான அளவு. இவை மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துகள். பலருக்கு மருந்து பலிக்காமல் போகக் காரணம், அளவு குறைவாக இருப்பதே. முதல் சில நாட்கள் நாய் சற்று மயங்கிக் கிடந்தாலும், இருமல் நிற்கும் அளவுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு இடைவெளியை நீட்டுவதே சரியான முறை. மலச்சிக்கலைக் கவனியுங்கள். சளியோடு கூடிய ஈர இருமலும் காய்ச்சலும் இருந்தால் அடக்கக் கூடாது, நிமோனியாவாக இருக்கலாம்.

வீக்கத்துக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கிலோவுக்கு 0.5–1 மில்லிகிராம் தினமும் சில நாட்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பு. நீட்டித்தால் பசியும் எடையும் ஏறி, முதலில் செய்த வேலை வீணாகும். நீண்ட காலத்துக்கு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் மேல். முகமூடி பொருத்திய ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைக்கும் குழாய்) வழியாகக் கொடுத்து, 7–10 மூச்சுகள் எண்ணும்வரை முகமூடியை எடுக்காதீர்கள். முழுப்பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூச்சுக்கிளைகளை விரிக்கும் மருந்தான தியோஃபிலின் மூச்சுக்குழாயை விரிக்காது. சிறிய கிளைகளுக்கு மட்டுமே உதவும். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கூடவே போனால் தியோஃபிலினின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். மனிதர்களுக்கான இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய பாராசிட்டமால், சைலிட்டால் (இனிப்பூட்டி), சூடோஎஃபெட்ரின் (மூக்கடைப்பு மருந்து) மூன்றும் சிறிய நாய்க்கு நஞ்சு.

ஈறும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது அவசரநிலை. பதற்றம் மூச்சை வேகப்படுத்தும், வேகம் குழாயை இன்னும் ஒடுக்கும். குளிர்ந்த, அமைதியான இடத்துக்குக் கொண்டுபோய் விசிறி விடுங்கள், கழுத்தைப் பிடிக்காதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே கிளம்புங்கள். மருத்துவமனையில் போராட்டமில்லாமல் ஆக்சிஜன், பியூடார்பனால் ஊசியோடு குறைந்த அளவு ஏசிபுரோமசின் (அமைதிப்படுத்தும் மருந்து), உடல் சூடு ஏறியிருந்தால் குளிர்விப்பு: பெரும்பாலும் அமைதிப்படுத்தும் ஊசியே உயிரைக் காக்கிறது. அடிக்கடி இப்படி ஆகும் நாய்க்கு வீட்டிலேயே கொடுக்கத்தக்க அமைதிப்படுத்தும் மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

மருந்து முழு அளவில் கொடுத்தும் மூச்சுத் திணறினால் மட்டுமே ஸ்டென்ட், அதாவது மூச்சுக்குழாயை உள்ளிருந்து திறந்து தாங்கும் கம்பிவலைக் குழாய். இருமலுக்காக மட்டும் வைக்கக் கூடாது, அதன் பிறகும் இருமல் இருக்கும். மயக்கத்தில், 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் குழாயின் அதிகபட்ச விட்டத்தை அளந்து, அதைவிட 10–20 சதவீதம் பெரிய நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகம்) ஸ்டென்டைத் தேர்வார்கள். குரல்வளைக்குக் கீழும் மூச்சுக்குழாய் பிரியுமிடத்துக்கு மேலும் சுமார் 1 சென்டிமீட்டர் விட வேண்டும். சிறியதாகப் போனால் நகரும். அடங்காத இருமல் வளைத்து வளைத்து கம்பியை முறித்துவிடும், ஓரங்களில் சதை வளர்ந்து அடைக்கும். ஆகவே ஸ்டென்டுக்குப் பின்னரும் இருமல் மருந்து நிற்காது, முறையான இடைவெளியில் எக்ஸ்ரே தொடரும். கழுத்துப் பகுதிச் சரிவுக்கு வெளியிலிருந்து வளையம் தைக்கும் அறுவையும் உண்டு. அதில் குரல்வளை நரம்பு சேதமடைந்து வாதம் வரலாம் என்பதால், பழகிய கையிடம் மட்டும் செய்ய வேண்டியது. மூச்சுக்கிளைகளும் சரிந்திருந்தால் இந்த இரண்டு முறைகளும் அவற்றை எட்டா. அந்த நாய்களுக்கு எடையும் மருந்தும்தான் வழி.