ஆதார் ஜெராக்ஸும் 'அண்ணா, ஒரு உதவி'யும்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேரவும் ஆதார் ஜெராக்ஸ், ரூம் பிடிக்கவும் அதுதான். நாலு காப்பி எடுக்கிறோம். மங்கலாக விழுந்ததைக் கடைக் கூடையிலேயே போட்டுவிட்டு வருகிறோம். முதல் தவறு அந்தக் கூடையில் கிடக்கிறது.

கொடுக்கும் நகலில் 'ரூம் வாடகைக்கு மட்டும்' என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் மடித்து வைத்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். படத்தின் மேலேயே குறுக்கே ஓட வேண்டும். முழு எண் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதாரை இறக்கிக் கொடுக்கலாம். ஓடிபி பற்றி ஊரே சொல்லியாகிவிட்டது, விடுவோம்.

வக்கீல் ஆபீசுக்கு வரும் வழக்குக் கட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது வேறு. "அண்ணா, உங்க அக்கவுண்ட்டுல கொஞ்சம் பணம் வருமுங்க, எடுத்துக் குடுங்க, உங்களுக்கு 2,000 தர்றேன்." ஏடிஎம் கார்டும் சிம்மும் கைமாறுகின்றன.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66சி பிரிவில், அடுத்தவர் பாஸ்வேர்டையோ தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். கணினி, செல்போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. தண்டனை அதே அளவு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆவது பிரிவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 5 ஆண்டு வரை. அடையாளம் திருடு போனவருக்கு இவை துணை. கார்டைத் தானே கொடுத்தவர் பறிகொடுத்தவராக நிற்க முடியாது. ஏமாற்றிய பணம் இறங்கிய கணக்கு அவருடையது. வெளிமாநில போலீஸ் முதலில் கதவைத் தட்டுவதும் அங்கேதான். "தெரியாமக் குடுத்துட்டேனுங்க" என்றால், அந்த 2,000 எதற்கு என்பதுதான் அடுத்த கேள்வி.

கைமாறிய ஆதார் நகலை வைத்து யாரோ கம்பெனி பதிந்து, தறி ஓட்டுகிறவர் பெயரில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால், "நமக்கென்ன கம்பெனியா இருக்குது?" என்று டிவி மேல் வைத்துவிடுகிறார்கள். அது கூடாது. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். போலீஸ் புகாரின் நகலையும் சேருங்கள். பணம் போயிருந்தால் திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் முடக்க வேண்டும்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். என் பெயரில் மூன்று இருந்தன. ஒன்று என்னுடையது, ஒன்று அம்மாவினுடையது. மூன்றாவது யாருடையதோ, 'என் எண் அல்ல' என்று அழுத்திவிட்டேன்.