வெள்ளத்தில் மூழ்கிய பம்பு எஞ்சின்: வால்வைக் கழற்றி மாட்டும் முறை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்ப் பக்கம் எத்தனையோ கொல்லைகளில் ஏறி நின்றது. எங்கள் கொல்லைக் கொட்டகையில் இருந்த சிறிய பெட்ரோல் பம்பும் சேற்றுக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்தபின் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, பால் நிறத்துக்கு மாறிப்போயிருந்த எண்ணெயையும் மாற்றினேன். பிளக்கைத் திருப்பி மாட்டிக் கயிற்றை இழுத்தபோது கைக்கு எந்த எதிர்ப்பும் தெரியவில்லை. சிலிண்டருக்குள் காற்று நிற்காமல் எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. எஞ்சின் நின்றுபோன நேரத்தில், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இருந்திருக்கிறது. சைலன்சர் வழியாக வந்த சேற்றுத் தண்ணீர் அந்த இடைவெளியில் தங்கி, வால்வும் அது உட்காரும் சீட்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் துருவால் அரித்துவிட்டது.

அந்தத் தொடும் இடம் சுமார் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையம். எஞ்சின் வெடிப்பின் முழு அழுத்தத்தையும் சிலிண்டருக்குள் நிறுத்தி வைப்பது அதுதான். கீழே நான் சொல்லும் எல்லா வேலையும் அந்த வளையத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே அவசரப்படக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

பம்பு, பவர் வீடர், சிறிய ஜெனரேட்டர் ஆகியவற்றில் வரும் 160 சிசி அளவுள்ள, ஹெட்டில் வால்வு அமைந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது இந்த விளக்கம். அளவுகளை ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுடையது வேறு என்றால் அதன் கையேட்டில் உள்ள எண்களையே பின்பற்றுங்கள்.

முன்னேற்பாடு

10, 12 அளவு சாக்கெட்டுகள், ஸ்பானர்கள், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), டார்க் ரெஞ்சு (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது), உறிஞ்சுகுமிழ் வைத்த லேப்பிங் குச்சி (வால்வைச் சீட்டில் தேய்த்துப் படியவைக்க), வால்வு கிரைண்டிங் பேஸ்ட், புதிய ஹெட் கேஸ்கெட், புதிய வால்வு சீல், மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், கண்ணாடி. கடைசியில் சொன்னது கண்ணுக்குப் போடும் கண்ணாடி. ஸ்ப்ரிங் அழுத்தத்தில் இருக்கும் பொருளோடு வேலை செய்யப்போகிறோம். அதைப் போடாமல் உட்காராதீர்கள்.

ஓர் அட்டையும் வேண்டும். அதில் ‘இன்லெட்’, ‘எக்ஸாஸ்ட்’ என்று இரண்டு பகுதி எழுதி, வால்வு, ஸ்ப்ரிங், ஸ்ப்ரிங் மூடி, புஷ் ராட் (வால்வை இயக்கும் நீளக் கம்பி) ஆகியவற்றை அந்தந்தப் பக்கத்தில் குத்தி வையுங்கள். ஒவ்வொரு பாகமும் தன் ஜோடியோடு ஓடித் தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

ஹெட்டை எடுப்பது

பெட்ரோல் குழாயை மூடி, டேங்க்கையும் கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றுங்கள். இதில் சிரமம் ஒன்றுதான். நம் கடற்காற்றுக்கு சைலன்சர் நட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைத்தால், மறுநாள் ஸ்டட் முறியாமல் வரும். முறிந்தால் அலுமினிய ஹெட்டிலிருந்து அதை எடுப்பது ஒரு நாள் வேலை.

ராக்கர் மூடியைத் திறந்தபின் ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, பிஸ்டனை அழுத்த ஸ்ட்ரோக்கின் மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். வால்வை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கர் ஆர்ம்களும் தளர்வாக ஆடினால் சரியான இடம். லாக் நட்டைத் தளர்த்தி ராக்கர்களை விலக்கி, புஷ் ராடுகளை உருவுங்கள்.

இந்த இடத்தில் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நுனியைப் பாருங்கள். அதன்மேல் சிறிய தொப்பி ஒன்று இருக்கும். வால்வு ஓடும்போது மெல்லச் சுழன்று ஒரே இடத்தில் சூடேறாமல் இருக்க அது உதவுகிறது. எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை. ஹெட்டைக் கவிழ்த்த மறுகணம் விழுந்து உருண்டுவிடும். நான் முதன்முதலில் இந்த வேலை செய்தபோது அது விழுந்ததே தெரியாமல் கடைசிவரை போய், ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே இடைவெளி வைக்க முடியாமல் மாலை முழுவதும் மணலைச் சலித்திருக்கிறேன். எடுத்து அட்டையில் ஒட்டுங்கள்.

நான்கு ஹெட் போல்ட்டுகளையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். இடையில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்ப வேண்டாம்.

வால்வை வெளியே எடுக்கும் முன்

வால்வு மாட்டியிருக்கும்போதே எரியறையில் படிந்த கரியைச் சுரண்டிவிடுங்கள். மூடிய வால்வு சீட்டை மறைத்திருப்பதால் அந்த வளையத்தில் கீறல் விழாது. மூங்கில் பத்தையைச் சீவிச் செய்த சுரண்டி போதும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டால் கரி இளகும்.

இனி, ஹெட்டின் எரியறைக்குள் வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்து, மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். வால்வின் தலை அந்தத் துணிமேல் தாங்கி நிற்கும். ஸ்ப்ரிங் மூடியை உற்றுப் பாருங்கள். அதன் துளை சாவித் துவாரம் போல ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். தண்டின் பள்ளம் குறுகிய பக்கத்தில் சிக்கி நிற்கிறது. இரண்டு கட்டை விரல்களாலும் மூடியை நேராக அழுத்தி, அகன்ற துளை தண்டுக்கு நேராக வரும்படி பக்கவாட்டில் நகர்த்துங்கள். மூடி மேலே வந்துவிடும். கையிலேயே வைத்திருந்து மெல்ல விடுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஹெட்டாக இருந்தால் இப்படி வராது. அதில் தண்டைச் சுற்றி இரண்டு பாதியாக வால்வு லாக் உட்கார்ந்திருக்கும். அதற்கு வால்வு ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் வேண்டும். சாக்கெட்டை வைத்துச் சுத்தியால் ஓங்கித் தட்டி எடுப்பவர்கள் உண்டு. லாக் எங்கே பறக்கும் என்று அவர்களாலும் சொல்ல முடியாது. புதியவர்களுக்கு அந்த வழி வேண்டாம்.

ஸ்ப்ரிங் போனதும் வால்வை உடனே இழுக்கத் தோன்றும். நுனியை விரலால் தடவிப் பாருங்கள். ராக்கர் இடித்து இடித்து விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால், அப்படியே இழுக்கும்போது அது, தண்டு ஓடும் குழாயான கைடின் உட்புறத்தை நெடுக உழுதுவிடும். நைஸ் அரத்தால் அல்லது எண்ணெய்க் கல்லால் பிசிறைத் தேய்த்து, துடைத்தபின் இழுங்கள். துருவால் சிக்கியிருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, இடவலமாகச் சுழற்றி எடுங்கள்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

வால்வைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். தண்டு தாவித் தாவி உருண்டால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள். தலையின் விளிம்பு கத்தி போல மெலிந்திருந்தாலும், ஓரம் எரிந்து குழி விழுந்திருந்தாலும் புதியது வாங்குங்கள். வால்வைக் கைடில் விட்டு, சற்று வெளியே இழுத்துப் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறதென்றால் கைடு தேய்ந்துவிட்டது. அது லேத் பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. சீட்டில் ஆழமான குழி இருந்தாலும் அப்படித்தான். கடலூர் முதுநகர்ப் பக்கம் படகு எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைக்காரர்களிடம் சீட் கட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். குழியைப் பேஸ்ட்டாலேயே தேய்த்து எடுத்துவிடலாம் என்று மணிக்கணக்கில் தேய்த்தால் வளையம் அகன்று, வால்வு சீட்டுக்குள் இறங்கிவிடும்.

லேப்பிங்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவசரம் இல்லாத ஒரு பிற்பகலில் செய்யுங்கள்.

தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். வால்வின் சாய்ந்த முகத்தில் மூன்று நான்கு இடங்களில் கடுகளவு நைஸ் பேஸ்ட் வையுங்கள். தண்டிலோ கைடிலோ பேஸ்ட் படக் கூடாது. துருப்புள்ளிகள் இருந்தால் மட்டும் முதலில் கரடான பேஸ்ட், பிறகு நைஸ். வால்வைச் சீட்டில் அமர்த்தி, தலையில் லேப்பிங் குச்சியை ஒட்டி, தயிர் கடையும் மத்தைப் போல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே முன்னும் பின்னும் சுழற்றுங்கள். அழுத்தம் அதிகம் வேண்டாம். பத்து சுழற்சிக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, மீண்டும் அமர்த்துங்கள். தூக்காமல் ஒரே இடத்தில் தேய்த்தால் வளையத்தில் வட்ட வரிகள் விழும்.

தொடக்கத்தில் கரகரவென்று சத்தம் வரும். பேஸ்ட் உடைந்து மாவாக மாற மாற அந்தச் சத்தம் அடங்கி, கைக்கு வழவழப்பாகத் தெரியும். துடைத்துப் பாருங்கள். பளபளப்பில்லாத சாம்பல் நிற வளையம், எங்கும் அறுபடாமல், ஒரே அகலத்தில், வால்விலும் சீட்டிலும் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் வால்வின் முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, காய்ந்த சீட்டில் வைத்து லேசாகத் திருப்புங்கள். எல்லாக் கோடுகளும் வளையம் தொடும் இடத்தில் அழிந்திருந்தால் நன்றாகப் படிகிறது. ஒரு கோடு முழுதாக நின்றால் அந்த இடத்தில் தொடவில்லை.

பிறகு கழுவுங்கள். மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு இன்னொரு முறை, கைடு துளைக்குள் துணியை உருவி மூன்றாவது முறை. மிச்சம் நிற்கும் பேஸ்ட் எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்தே லேப்பிங் செய்யும். காய்ந்த உடனே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். கழுவிய இரும்பு நம் ஊரில் ஓர் இரவிலேயே சிவந்துவிடுகிறது.

திரும்ப மாட்டுவது

வால்வு சீல் இந்த எஞ்சினில் இன்லெட் பக்கம் மட்டும்தான். பழையதை மறுபடி போடாதீர்கள். தண்டின் பள்ளம் புதிய சீலின் உதட்டைக் கிழித்துவிடும் என்பதால், எண்ணெய் தடவிய சிறு பிளாஸ்டிக் தாளைத் தண்டின்மேல் சுற்றி அதன்வழியே சீலை இறக்குங்கள்.

தண்டில் எண்ணெய் தடவி வால்வைச் சொருகி, அடியில் துணிப்பந்து வைத்து, ஸ்ப்ரிங்கையும் மூடியையும் கழற்றியதற்கு எதிர் வரிசையில் அழுத்தி மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் மூடி வேறு, இன்லெட் மூடி வேறு. தொப்பி உட்காரும் குழி எக்ஸாஸ்ட் மூடியில்தான் இருக்கும். மாட்டியபின் துணியை எடுத்துவிட்டு, தண்டு நுனியைப் பிளாஸ்டிக் சுத்தியால் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டுங்கள். சரியாக உட்காராத மூடி இருந்தால் இப்போதே கழன்று வரட்டும். ஓடும் எஞ்சினில் கழன்றால் வால்வு பிஸ்டன்மேல் விழும். தட்டிய பிறகு தொப்பியை வையுங்கள்.

அடுத்தது சோதனை. பிளக்கை மாட்டி, எரியறை கீழே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து, இன்லெட் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். வால்வின் ஓரத்தில் ஈரம் கசியாவிட்டால் சரி. எக்ஸாஸ்ட் பக்கமும் அப்படியே. சொட்டுச் சொட்டாக விழுந்தால் மனம் சலிக்காமல் மறுபடி கழற்றி லேப்பிங் செய்யுங்கள். எங்கள் எஞ்சினில் எக்ஸாஸ்ட் மூன்றாவது முறைதான் நின்றது.

ஹெட்டும் இடைவெளியும்

பரப்புகளைத் துடைத்து, ஹெட்டை இடம் பிசகாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, புதிய கேஸ்கெட் வைத்து ஹெட்டை அமர்த்துங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் 24 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். புஷ் ராடுகளின் அடிமுனை, அவற்றைக் கீழிருந்து தள்ளும் லிஃப்டரின் குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். விரலால் ஆட்டிப் பார்த்தால் தெரியும்.

பிஸ்டனை மீண்டும் அழுத்த ஸ்ட்ரோக்கின் மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ளைவீலை இருபுறமும் சற்று அசைத்தால் ராக்கர்கள் அசையக் கூடாது. அசைந்தால் அது வெளியேற்ற ஸ்ட்ரோக்கின் முனை. இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் இடைவெளி 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.20. கேஜின் தகடு லேசான இழுப்போடு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும்; இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

‘சத்தம் வருகிறது’ என்று இடைவெளியைக் குறைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டைத் தொடும் நேரத்தில் ஹெட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. சூட்டில் தண்டு நீள்வதற்கு இடமில்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. சூடு போக வழியின்றி விளிம்பு எரியும். நீங்கள் அவ்வளவு பொறுமையோடு உருவாக்கிய வளையம் சில நாட்களில் போய்விடும்.

எல்லாம் மாட்டி, புதிய எண்ணெய் ஊற்றிக் கயிற்றை மெல்ல இழுங்கள். எதிர்ப்பு கைக்குத் தெரியும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து எண் குறைவாக வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இழுப்பது எளிதாக இருக்க, வேகம் குறைவாக இருக்கும்போது வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டில் உள்ள ஓர் அமைப்பு வால்வைச் சற்றுத் திறந்து அழுத்தத்தை விடுகிறது.

பம்பு ஓடி முடிந்து நிறுத்தி வைக்கும்போது, கயிற்றை மெல்ல இழுத்து எதிர்ப்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஐப்பசி மழை தொடங்கும் முன் நாங்கள் இப்போது அப்படி நிறுத்தி, இரண்டு பேராகத் தூக்கி, வீட்டுத் திண்ணையில் ஏற்றி வைத்துவிடுகிறோம்.