தேர்தல் ஆலோசகரை அமர்த்தும் முன் அவர் பழைய கணக்கைப் பாருங்கள்

அவர் கொடுக்கிற பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் ஆண்டு, கட்சி, முடிவு என்று மூன்று கட்டம் போட்டு நீங்களே நிரப்புங்கள். பிரசாந்த் கிஷோரையே எடுத்துக்கொள்வோம். பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர். அவர் வேலை பார்த்து ஜெயித்த கணக்கு: 2014 மோடி, 2015 பீகாரில் நிதிஷ்-லாலு, 2019 ஆந்திராவில் ஜெகன் (175 இடத்தில் 151), 2021-ல் ஒரே நாளில் மம்தாவும் ஸ்டாலினும் ஜெயித்தது, இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

நீங்கள் விரல் வைக்க வேண்டியது 2017-ல். உத்தரப் பிரதேசத்தில் அவர் வேலை பார்த்த காங்கிரசுக்கு 403-ல் 7 இடம்தான், ஆனால் அதே நாளில் பஞ்சாபில் அதே கட்சி, அதே ஆலோசகர், 117-ல் 77. சரி, ஜெயிக்க வைத்தது ஆளா, அலையா? தோற்ற தேர்தலைப் பற்றி ஆலோசகரைப் பேசவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான நேர்காணல்.

அப்புறம் கட்சித் தொடர்பு. கிஷோர் 2018-ல் நிதிஷின் கட்சியான ஐக்கிய ஜனதா தளத்தின் துணைத் தலைவரானார், அந்தப் பதவியில் இருக்கும்போதே அவருடைய ஆலோசனை நிறுவனமான ஐபேக் ஜெகனுக்கு வேலை செய்தது. ஆலோசகருக்கு இன்னொரு கட்சியிலும் கால் இருக்கலாம். அதனால் உங்கள் பூத் வாரி சர்வே தரவு வேலை முடிந்ததும் யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.