கேம்பர் வேனுக்கு ஜிபிஎஸ்: நீலகிரி ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது மணி ஏழரை. மூடுபனி இறங்கியிருந்தது. போய்ச் சேர இன்னும் 900 மீட்டர்தான் என்றது மொபைல். கேட்டில் பூட்டு. உள்ளிருந்து வந்த வாட்ச்மேன் டார்ச்சை வண்டியின் உச்சியில் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை அடித்துப் பார்த்தார். “சார், இந்த மாசத்துல நீங்க மூணாவது வண்டி. திறந்து விட்டாலும் உள்ள திருப்ப முடியாது. அப்படியே பின்னாடி எடுங்க” என்றார்.

பின்னாடி எடுப்பதற்கு 600 மீட்டர் இருந்தது. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் சரிவு. மனைவி டார்ச்சோடு பின்னால் நடந்தபடி “வா, வா, நிறுத்து” என்று சொல்லச் சொல்ல எடுத்தேன். சாலைக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு சில்வர் ஓக் கிளை, கூரையிலிருந்த காற்றோட்ட மூடியைப் பிய்த்துவிட்டது. மறுநாள் கோத்தகிரியில் தார்ப்பாய் வாங்கிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

எங்கள் வண்டி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து மாற்றிய பழைய டெம்போ டிராவலர். நீளம் 7 மீட்டர், கூரைக் கேரியரோடு உயரம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டு எண்களும் அன்றைக்கு என் மொபைலுக்குத் தெரியாது. எதையும் மறைக்கவில்லை, அந்த ஆப்பில் அதைச் சொல்வதற்கு இடமே இல்லை.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. எல்லோரும் “எந்த மேப் நல்ல மேப்?” என்று கேட்கிறோம். மேப் நன்றாகத்தான் இருக்கிறது, அது கணக்குப் போடுவது நிமிடத்தை. கூகுள் மேப்ஸில் கார், டூவீலர், பஸ், நடை என்று தேர்வுகள் உண்டு. வண்டியின் உயரம், நீளம், எடை கொடுக்கும் வசதி அதில் இல்லை. ஆகவே அதன் கண்ணுக்கு என் வேனும் ஒரு ஆல்ட்டோவும் ஒன்று. எஸ்டேட் ரோடு கோடாகத் தெரிந்தால் போதும், அது ரோடுதான். கேட் இருப்பதும் தெரியாது, எதிரே பறிப்பு லாரி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதும் தெரியாது. 2024 ஜனவரியில் கூடலூரில் மேப்பைப் பின்பற்றி வந்த ஒரு கார், வீடுகளுக்கு நடுவே இறங்கும் படிக்கட்டில் போய் நின்ற செய்தி படித்திருப்பீர்கள். அது கார். வேனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு ஒன்று. வாரம் முழுக்க ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஆப்பை டூவீலர் குறியிலேயே விட்டு வைத்திருப்பார்கள். இந்த வசதி 2017 டிசம்பரில் முதலில் இந்தியாவில்தான் வந்தது, சந்து பொந்துக்கு அருமையானது. அதே குறியோடு வேனைக் கிளப்பினால் மலையிலும் சந்து பொந்துதான் கிடைக்கும். கிளம்பும் முன் ஒரு முறை பாருங்கள்.

சரி, இதற்கென்றே தனிக் கருவி வாங்கலாமே என்று அடுத்த தவறுக்குப் போவோம். கார்மின் போன்ற நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஜிபிஎஸ் கருவிகள் விற்கின்றன. நீளம், உயரம், எடை எல்லாம் பதியலாம். தாழ்வான பாலம் வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும். அமெரிக்காவில் சில சுரங்கப் பாதைகளில் சமையல் கேஸ் சிலிண்டரோடு நுழையத் தடை உண்டு, அதையும் பார்த்துச் சுற்றிக் கூட்டிப்போகும். ஆனால் அந்தக் கருவியின் மதிப்பு பெட்டியில் இல்லை, உள்ளே இருக்கும் தகவலில் இருக்கிறது. அந்தத் தகவல் அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளுக்கும் முகாம்களுக்கும் சேர்த்தது. வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுக்கிறார் என்பதற்காக அதை நம்பிக் கோத்தகிரி ஏறாதீர்கள். வாங்குவதாக இருந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்திய மேப் உண்டா, அதில் வண்டி அளவுக்கான கட்டுப்பாடுகள் பதிவாகியிருக்கின்றனவா?

மொபைலிலேயே அளவு கொடுக்கக்கூடிய ஆப்களும் உண்டு. ஓஸ்மாண்டில் உயரம், அகலம், எடை பதியலாம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அது, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஓடுவது. யாராவது ஒரு பாலத்தின் உயரத்தைப் போய்ப் பதிந்திருந்தால்தான் ஆப்புக்குத் தெரியும். நம் பக்கம் பெரும்பாலான சாலைகளுக்கு அந்தப் பதிவு இல்லை. 2.9 மீட்டர் என்று போட்டுவிட்டோம், இனி எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் தவறு. எச்சரிக்கை வராததற்குப் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இப்போது கல்லட்டி. மைசூரிலிருந்து முதுமலை வழியாக வந்தால் தெப்பக்காட்டில் பாதை பிரியும். ஒன்று கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்குப் போகும் பெரிய சாலை. இன்னொன்று மசினகுடி, கல்லட்டி வழி. தூரத்தில் ஏறக்குறைய பாதிதான். நிமிடம் எண்ணும் மேப் எதைக் காட்டும் என்று சொல்லவே வேண்டாம். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். ஏற்றம் அப்படியே செங்குத்து. தண்ணீர்த் தொட்டியும் கட்டிலும் சுமந்த வேன் ஃபர்ஸ்ட் கியரில் முனகிக்கொண்டு ஏறும், பாதியில் கிளட்ச் வாடை அடிக்கும். இறங்குவது இன்னும் மோசம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். இங்கே பல விபத்துகள் நடந்ததால்தான் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க அனுமதி இல்லை. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேப்பில் நீலக் கோடு தெரிகிறதே என்று அங்கே நின்று போலீஸிடம் மொபைலைக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “மேப்ல போகுது சார்.” “மேப் போகட்டும், நீங்க கூடலூர் வழியா போங்க.”

இதற்கு ஆப்பை மாற்றுவதில் பயனில்லை. பாதையை நீங்கள் சொல்ல, ஆப் அதைக் கேட்க வேண்டும். கருவி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதே இதைத்தான்: இடையில் நிறுத்தங்கள் போட்டு வழியைக் கட்டிவைக்க முடிகிறதா? தெப்பக்காட்டிலிருந்து ஊட்டி என்று மட்டும் போடாமல், கூடலூர், நடுவட்டம், பைக்காரா என்று மூன்று இடங்களை நடுவில் நுழைத்துவிடுவேன். அப்புறம் அது நினைத்தாலும் மசினகுடிப் பக்கம் இழுக்க முடியாது. ‘வேகமான வழி கிடைத்தது’ என்று நடுவழியில் தானாகவே மாற்றும் பழக்கம் சில ஆப்களுக்கு உண்டு. திரையில் வரும் அந்தக் கேள்விக்கு மலையில் என் பதில் எப்போதும் ‘வேண்டாம்’தான்.

மேப்புக்கு எட்டாத இன்னொரு சங்கதி நேரக் கட்டுப்பாடு. பந்திப்பூர், முதுமலை காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. குண்டல்பேட்டையில் தாமதமாகிவிட்டால், மேப் நிதானமாக ‘இரவு 11.20க்குச் சேருவீர்கள்’ என்று காட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் மூடிய செக்போஸ்ட்டுக்கு முன்னால் நிற்பீர்கள். படுக்கைதான் வண்டியிலேயே இருக்கிறதே, ஓரமாகப் போட்டுத் தூங்கிவிடலாம் என்ற எண்ணம் வரும். யானை நடமாடும் காட்டோரம் அது, வேண்டாம். அதேபோல 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். கொடைக்கானல் பக்கம் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். இவையெல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் வருபவை, மேப்பின் கோட்டில் எப்போது ஏறும், ஏறுமா என்று காத்திருக்க முடியாது. கிளம்பும் நாளன்று உள்ளூர்ச் செய்தியைப் பாருங்கள்.

சிக்னல் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. “அவலாஞ்சியில் டவர் இல்லை, ஜிபிஎஸ் வேலை செய்யாது” என்பார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து அது நேராகவே கேட்டுக்கொள்கிறது. டவர் போனால் இல்லாமல் போவது மேப்பின் படம்தான். புள்ளி இருக்கும், அடியில் வெறும் சாம்பல் நிறம். எனவே கீழேயே, வீட்டு வைஃபையில், ஆஃப்லைன் மேப்பை இறக்கிவிடுங்கள். நீலகிரி மாவட்டத்தை மட்டும் இறக்குவதும் ஒரு தவறு. இங்கே அரை மணி நேரம் ஓட்டினால் கேரளாவோ கர்நாடகமோ வந்துவிடும். வயநாடு, சாமராஜநகர் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். இறக்கியபின் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு வழி கேட்டுப் பாருங்கள். வழி சொன்னால்தான் அது உண்மையில் இறங்கியிருக்கிறது.

ஆனால் டவர் ஒரு உதவி செய்யும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மொபைலுக்கு அது உடனே கொடுத்துவிடும். டவர் இல்லாவிட்டால் மொபைல் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும், அதற்கு 30 விநாடியாவது தடையில்லாத வானம் வேண்டும். மரங்கள் மூடிய வளைவில் ஆப்பைத் திறந்துவிட்டு “புள்ளியே வரலை” என்று திட்டுவதில் பயனில்லை. மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டுவதற்கு முன்பே திறந்து ஓடவிடுங்கள்.

கொண்டை ஊசியில் இன்னொரு வேடிக்கை. திறந்த வெளியிலேயே மொபைல் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். மலைச்சரிவிலும் மரநிழலிலும் இன்னும் கூடும். வளைவின் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் மேப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அம்புக்குறி திடீரென்று மேல் சாலைக்குத் தாவி “திரும்பவும்” என்று சொல்லும். இந்த இடத்தில் குரலை நம்பி ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. மலையில் நான் குரலை அணைத்துவிட்டு, படத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, அடுத்த மூன்று நான்கு வளைவு தெரியும்படி வைத்துக்கொள்கிறேன். அப்படி வைக்க விடாமல் தானாகவே நெருங்கி வரும் ஆப் எனக்குச் சரிப்படவில்லை.

உயரம் காட்டும் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொசுறு. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் நின்றுகொண்டு 2,150 என்று பார்த்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். ஜிபிஎஸ் கணக்குப் போடும் கற்பனை உருண்டை, தென்னிந்தியாவில் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 90 மீட்டர் மேலே ஓடுகிறது. அங்கிருந்து அளந்தால் உயரம் அவ்வளவு குறைவாகத் தெரியும். சில ஆப்கள் அதைத் திருத்துவதில்லை.

அந்த எஸ்டேட் கேட்டுக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. எந்த ஆப் வழி சொன்னாலும், தங்கப்போகும் இடத்துக்கு போன் போட்டு, “அண்ணே, உங்க ஊருக்குப் பெரிய பஸ் வருமா?” என்று கேட்பேன். கார் வருமா என்று கேட்டால் எல்லோரும் “தாராளமா வரும்” என்பார்கள். பஸ் என்றால் யோசித்துச் சொல்வார்கள். கேத்தி, எமரால்டு, மஞ்சூர் என்று அரசு பஸ் தினமும் போய்வரும் வழியில் என் வேன் போகும். கிளை உரசாது, திருப்ப இடம் இருக்கும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க முடியும். மினி பஸ் மட்டும் வரும் என்றால் கடைசி ஸ்டாப்பிலேயே நிறுத்திவிட்டு ஜீப் கேட்பேன். பஸ் நிற்கும் ஊர்களை ஒவ்வொன்றாக ஓஸ்மாண்டில் நிறுத்தமாகப் போட்டு வழியைச் சேமித்துவிடுவேன். அதையே ஒரு தாளிலும் எழுதி டேஷ்போர்டில் செருகி வைக்கிறேன். போன டிசம்பரில் வெயில் பட்டு மொபைல் சூடாகி அணைந்தபோது, குன்னூரிலிருந்து மஞ்சூர் வரை அந்தத் தாளை வைத்துத்தான் போனோம்.