அன்னாசிப் பழம்: வாங்குவதில் இருந்து வாய் கொப்பளிப்பது வரை

எங்கள் ஊர் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில் உள்ள சிம்பாங் ரெங்கம். செம்பனையும் ரப்பரும் போக மீதி மண்ணில் அன்னாசிதான். ஆனாலும் எங்கள் வீடுகளில் இந்தப் பழத்தைப் பற்றி இரண்டே பேச்சு. ஒன்று, “சூடு, தொடாதே.” இன்னொன்று, “தொப்பை கரையும், நிறையச் சாப்பிடு.” இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பழத்தை வாங்கி வந்து முறையாகச் சாப்பிட்டுப் பார்ப்போம்.

படி 1: பழம் வாங்குதல்

பழத்தின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசம் வர வேண்டும். கள் வாசம் அடித்தால் வைத்துவிடுங்கள். கொண்டையில் ஓர் இலையை இழுத்துப் பார்க்கும் வித்தையை நான் நம்புவதில்லை. மாம்பழம் மாதிரி அன்னாசி பறித்த பிறகு பழுத்து இனிக்காது. அரிசிப் பானைக்குள் வைத்தாலும் தோல்தான் மஞ்சளாகும். புளிப்பு ஆகாதவர்கள் எம்டி2 ரகத்தில் தொடங்கலாம். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி 1996இல் வெளியிட்ட ஜோசபின் ரகமும் நல்ல வாசமாக இருக்கும்.

படி 2: வெட்டுதல்

கொண்டையையும் அடியையும் சீவி, பழத்தை நிமிர்த்தி வைத்து, தோலை மேலிருந்து கீழாக மெல்லிசாகச் சீவுங்கள். முதல் தடவை நான் கண்கள் எல்லாம் போகட்டும் என்று தடிமனாகச் சீவி, பாதிப் பழத்தைக் குப்பையில் போட்டேன். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைக்குச் சொந்தக்காரியான அம்மா, “கண்ணு வரிசையைப் பாருடா” என்று ஒரே வரியில் பாடம் எடுத்தார். கண்கள் சாய்ந்த கோடாக ஓடும். அந்தக் கோட்டிலேயே இரண்டு பக்கமும் கத்தியைச் சாய்த்துக் கீறினால் வரிசையாகப் பெயர்ந்து வரும்.

துண்டுகளை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போடுங்கள். பழம் அடியில்தான் அதிகம் இனிக்கும்; வட்டமாக வெட்டினால் கொண்டைப் பக்கத் துண்டு கிடைத்தவர் முகம் சுளிப்பார்.

படி 3: உப்புத் தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. துண்டுகளை 5 நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பலருக்கு நாக்கு எரிச்சல் இதில் குறைகிறது. எரிச்சலுக்குக் காரணம் புளிப்பு மட்டும் இல்லை. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்றால், ஜெலட்டினில் வேகவைக்காத அன்னாசியைப் போட்டுப் பாருங்கள், உறையவே உறையாது. தீபாவளிக்குச் செய்யும் அகார் அகார் மட்டும் நன்றாக உறையும், ஏனென்றால் அது கடற்பாசியில் இருந்து வருவது, புரதம் கிடையாது. ஆட்டிறைச்சியை மென்மையாக்க அன்னாசிச் சாற்றில் ஊறவைப்பதும் இந்த நொதியை நம்பித்தான்.

சூடு பட்டால் இந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் டின் பழத்திலோ, அடுப்பில் வெந்த பச்சடியிலோ அதை எதிர்பார்க்க வேண்டாம். “கொழுப்பைக் கரைக்கும்” என்ற பேச்சும் இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். அது உடைப்பது புரதத்தை. இடுப்புக் கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 4: அளந்து சாப்பிடுதல்

ஒரு சின்னக் கிண்ணம், சுமார் 150 கிராம். அதில் ஏறக்குறைய 75 கலோரி, 15 கிராம் சர்க்கரை, 70 மில்லிகிராம் வைட்டமின் சி, 2 கிராம் நார்ச்சத்து. ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி அநேகமாக இதிலேயே முடிந்துவிடுகிறது. எலும்புக்கு உதவும் மாங்கனீசும் நிறைய உண்டு.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களும் இந்த அளவை அளந்து சாப்பிடலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. அதனால்தான் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சீனி கொட்டிக் கலக்கும் அன்னாசித் தண்ணீரைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறேன். பழத்தில் தூவும் அசாம்போய்த் தூளும் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழத் தூள்) அப்படித்தான்: ருசிதான், ஆனால் பெரும்பாலும் உப்பு. ரத்தக் கொதிப்புக்காரர்கள் கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

படி 5: எதோடு சாப்பிடுவது

முருங்கைக்கீரையோ பருப்போ இருக்கும் சாப்பாட்டோடு நாலு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி கைகொடுக்கும். வெறும் வயிற்றில் சாப்பிட்டு நெஞ்சு எரிந்தால் பசியாறிய பிறகு சாப்பிடுங்கள்.

படி 6: யார் கவனிக்க வேண்டும்

கர்ப்பிணி அன்னாசியைத் தொட்டாலே கரு கலைந்துவிடும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பாட்டிகள் மிரட்டுவார்கள். பழுத்த பழத்தை வழக்கமான அளவில் சாப்பிடுவதால் அப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காய்வெட்டான பழத்தை மட்டும் யாரும் சாப்பிட வேண்டாம். தொண்டை எரியும், வாந்தி வரும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் புரோமெலைன் மாத்திரை வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பெடுப்பவர்களில் சிலருக்கு அன்னாசியும் ஒத்துக்கொள்ளாது. தோட்டத்து ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

படி 7: சாப்பிட்ட பிறகு

தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். பல் துலக்க அரை மணி நேரமாவது பொறுங்கள், புளிப்பில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும். மீதித் துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் ஐஸ்பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். கொண்டையைத் தூக்கிப் போடாமல் வேலியோரம் நட்டு வையுங்கள், ஒன்றரை இரண்டு வருடத்தில் ஒரு பழம் தரும்.