ஷண்ட் வைத்த குழந்தை ராத்திரி டியூட்டியில் வந்தால்

குழந்தைகள் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் புதிதாக எம்.சி.எச். மேற்படிப்பு சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. மூளையில் நீர் கோத்து, அதை வடிக்க ஷண்ட் என்ற குழாய் வைத்த குழந்தை வாந்தியோடு வந்தால், சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பும்போதே அம்மாவிடம் கேளுங்கள்: "போன தடவை அடைச்சப்பவும் இப்படித்தான் இருந்தானாம்மா?" "அதே மாதிரிதான் சார்" என்று அவர் சொன்னால், இல்லை என்று உறுதியாகும்வரை அது ஷண்ட் அடைப்புதான். மூளையின் நீர் அறைகள் பெரிதாகாமலேயே ஷண்ட் அடைத்திருக்கலாம். பழைய சி.டி.யோடு ஒப்பிடாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கைக்குழந்தை என்றால் உச்சிக்குழியைப் பாருங்கள். அழுகிற குழந்தைக்கு அது எப்படியும் புடைக்கும். அம்மா மடியில் நிமிர்த்தி வைத்து, அழுகை அடங்கியதும் விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். அப்போதும் விம்மி இறுக்கமாக இருந்தாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ சீனியருக்கு உடனே போன் போடுங்கள். மணி 3 ஆனாலும் தயங்க வேண்டாம்.

தலைச்சுற்றளவை, இழுத்தால் நீளாத டேப்பால் 3 முறை அளந்து பெரிய அளவை எழுதுங்கள். முதல் 3 மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளர்வது இயல்பு.

டிஸ்சார்ஜ் சீட்டையும் சி.டி. படத்தையும் அம்மாவின் போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ராத்திரி டியூட்டி டாக்டருக்கு உதவும்.